வாரம் ஒரு வீடு: ஐப்பசி மழை விட்ட ஞாயிறு... ஆயா கூட்டிப்போன உப்பளம்!

இந்த வாரம் நாம போகப் போறது என் பெரியம்மா வீட்டுக்கு. ஊர் இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா, ஆரோவில் காட்டை ஒட்டின செம்மண் ஊர்.

விஷயம் ஒரு வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்தது. பெரியம்மாவுக்கு டைப் பண்ண வராது. பேரன் அழுத்திக் கொடுத்தால் பேசுவார்.

"எம்மாடி, நீ பத்திரிகையில இருக்கிற இல்ல? இந்தப் புள்ளைங்கள எங்கனா நல்ல எடமா கூட்டிட்டுப் போகணும். காசு ரொம்ப ஆகக் கூடாது. பெரியவனுக்குக் கண்ணாடி போட்டுட்டாங்க. டாக்டர் வெளிய வெளிச்சத்துல வெளையாட வைங்கன்றாரு. இங்க இன்னா இருக்குன்னு கூட்டிட்டுப் போறது? நீ சொல்லு."

பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு ஐந்து. அண்ணன் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அண்ணியும் வேலைக்குப் போகிறார். பள்ளி விட்ட பிறகும், லீவு நாள் முழுக்கவும் பிள்ளைகள் பெரியம்மா பொறுப்பு. பெரியம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி. பிள்ளைகள் ஓடினால் பின்னால் ஓட முடியாது. ஓடாமல் இருக்க ஒரு வழி உண்டு. போனைக் கையில் கொடுத்துவிடுவது.

"நானா குடுத்தேன், வேணும்னா குடுத்தேன்? அடுப்புல சோறு இருக்கும், இது ரெண்டும் ரோட்டுக்கு ஓடும். இன்னா பண்றது?"

இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்மில் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் அந்த மெசேஜின் கடைசியில் பெரியம்மா ஒன்று சொன்னார். அதுதான் என்னை பஸ் ஏற வைத்தது.

"பெரியவன் சொல்றான், ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாது, யூடியூப் கூடப் போடத் தெரியாதுன்னு. சரிதான், எனக்கு இன்னா தெரியும்?"

நம்ம ஊர் இலையுதிர் காலம்!

ஆபீஸில் வெளிநாட்டு ரீல்ஸ் நிறையப் பார்ப்போம். அக்டோபர் வந்தால் மேப்பிள் மரம் சிவப்பாக நிற்கும், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு சருகு பொறுக்குவார்கள். ஜப்பானில் இப்படி இலை சிவப்பதைப் பார்க்கப் போவதற்கென்றே 'மோமிஜிகாரி' என்று தனிப் பெயர் உண்டு.

நமக்கு அப்படி ஒரு சீசன் இல்லையா? உண்டு. பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இங்கே அப்போது இலை உதிராது, தளிர்க்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கும். செம்மண்ணுக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பறவைகள் வந்து இறங்கும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல மாசம் கிடையாது.

ஒரே ஒரு பிரச்னை, மழை. அண்ணிக்கு அந்த பயம் பலமாக இருந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தபோது, இதே மாவட்டத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதைப் பார்த்தவர்கள், கருமேகம் கூடினாலே பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

"நீங்க ஒருத்தியா கூட்டிட்டுப் போறீங்கன்னா வேணாம் அத்தை. இவ கூட வந்தா போங்க" என்றார் அண்ணி, என்னைப் பார்த்து. அப்படித்தான் நானும் சேர்ந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம்: வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ட்ரெய்லர்!

முதல் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்புப் பக்கம் சும்மா நடந்தோம். பத்தடி கூடப் போயிருக்க மாட்டோம். சின்னவள் குந்திவிட்டாள்.

"அத்தை, யாரோ குங்குமம் கொட்டிட்டாங்க. அது நடக்குது!"

பட்டுப்பூச்சி. சில ஊர்களில் தம்பலப்பூச்சி, வெல்வெட் பூச்சி என்பார்கள். நம் பழைய இலக்கியத்தில் இதற்கு மூதாய் என்று பெயர். வருஷத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடந்து, மழை பெய்து ஈரம் இறங்கியதும் மேலே வரும். பெரியவன் காலை எண்ணினான். எட்டு. "பூச்சிக்கு ஆறு கால்தான்னு மிஸ் சொன்னாங்களே?" நல்ல கேள்வி. பேரில்தான் பூச்சி. உண்மையில் இது சிலந்தி, தேளோடு சேர்ந்த எட்டுக்கால் கூட்டம்.

"நாங்க தீப்பெட்டியில போட்டு வெச்சிருப்போம். மறுநாள் செத்துப் போயிடும். ஆசையில பண்றது. நீங்க அப்டி பண்ணாதீங்க, கையில ஏத்திட்டு எறக்கி வுட்டுடுங்க" என்றார் பெரியம்மா.

இருட்டத் தொடங்கும்போது புதருக்குள்ளிருந்து இரண்டு சத்தமாக ஒரு விசில் கேட்டது. பெரியம்மா நின்றார். "மணி ஆறு."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு அடிக்க நாலு நிமிஷம்!

அது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் அந்த நேரத்தை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும்போது தெற்கே வரும். சில இலங்கை வரை போகும். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பெல்லாம் வண்ணம். ஆனால் சருகுக்குள் நடமாடுவதால் கண்ணில் படுவது அபூர்வம். எங்களுக்கும் குரல்தான் கிடைத்தது.

"நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தப்போ இதெல்லாம் கிடையாது. பாதி எடம் மொட்டைச் செம்மண்ணு. மேட்டுல நின்னா கடல் தெரியும்" என்றார் பெரியம்மா. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் மழையில் அரித்து, பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. வரப்பு கட்டி, தண்ணீரைத் தேக்கி, கன்று கன்றாக நட்டு வளர்த்த காடு இது. அதில் சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்களின் கையும் இருக்கிறது. மரம் வந்தது, சருகு வந்தது, ஆறுமணிக் குருவிக்கு இடம் வந்தது.

பெரியவன் முதல்முறையாக ஆயாவைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தான். "ஆயா, உனக்கு வாட்ச் இல்லாமலே டைம் தெரியுமா?"

ஞாயிறு காலை: பெரியம்மா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை

ஆறே காலுக்குத் தெரிந்தவர் ஆட்டோவில் கிளம்பி, ஈ.சி.ஆர் பிடித்து வடக்கே போனோம். மரக்காணம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். பெரியம்மாவின் தாய்வீடு அந்தப் பக்கம்தான். "உப்பளம் காட்டலாமே" என்று சொன்னது நான். அவர் சம்மதித்ததே பெரிய விஷயம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். ஆனால் வெள்ளையாக இல்லை. மழைத்தண்ணீர் நின்று, வானத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. மேட்டில் அங்கங்கே உப்புக் குவியல், மேலே கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்தது.

நானும் பிள்ளைகளும் இறங்கிவிட்டோம். பெரியம்மா இறங்கவில்லை.

"நீங்க பாருங்க. நான் பாக்காததா?"

"வாங்க பெரியம்மா, நீங்க சொன்னாதானே தெரியும்."

"இதுல இன்னா சொல்றது? வெயிலு, உப்பு. நாலாங் கிளாஸ்ல நிறுத்திட்டு இங்க கூட்டியாந்து வுட்டாங்க. கல்யாணம் வரைக்கும் இதான். காலைக் காட்டவா?"

காட்டினார். குதிகாலில் பழைய வெடிப்புகள் கோடு கோடாக இருந்தன. உப்பளத்தை விட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கோடுகள் போகவில்லை. அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் அவர் ஏன் வேறு பக்கம் திரும்பி உட்காருவார் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. 'அழகான லொக்கேஷன்' என்று அவரை இங்கே கூட்டி வந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்போது பெரியவன் கேட்டான். "ஆயா, உப்பு மண்ணுல இருந்து தோண்டி எடுப்பாங்களா?"

அதைக் கேட்டுத்தான் பெரியம்மா இறங்கினார். தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது!

'பத்துப் பங்கு தண்ணியில ஒன்பது பங்கு போகணும்!'

வரப்பு ஓரத்தில் நின்று பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதினால் ஒரு பாடமே ஆகும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்து தை, மாசி வாக்கில் வேலை தொடங்கும். முதலில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றி, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகாவிட்டால் உப்பில் சேறு கலக்கும். பிறகு உப்புத் தண்ணீரை ஒரு பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, அடுத்த பாத்திக்கு விடுவார்கள். அது இன்னும் வற்றும். கடைசிப் பாத்தியில்தான் உப்பு கட்டும். அதை நீளக் கழியில் பலகை மாட்டி இழுத்துக் குவித்து, தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் ஆவியான பிறகுதான் சாப்பாட்டு உப்பு படிகமாகத் தொடங்கும். பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கு கிராமில் தெரியாது. "தண்ணிய ரெண்டு விரல்ல தொட்டுப் பாப்போம். பிசுக்குனு ஒட்டுனா நாளைக்கு உப்பு வுழும்" என்றார்.

உப்பளத்துக்கு மழை எதிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. "எங்க காலத்துல அதெல்லாம் ஏது? ஐப்பசி வந்தா கடன்" என்றார் பெரியம்மா.

இந்தக் கரையின் கதை ரொம்பப் பழையது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சரக்குப் படகுகள் போன பக்கிங்காம் கால்வாய், ஆந்திராவின் காக்கிநாடா பக்கத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வந்து முடியும் தெற்கு முனையும் இதுவே.

இதையெல்லாம் நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

'அசையாத! அப்படியே உக்காரு!'

சின்னவள் என் கையை விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூடாத ஒரு உப்புக் குவியலைப் பார்த்து வரப்பு மேல் ஓடியிருக்கிறாள். மழையில் ஊறின வரப்பு. ஒரு கால் வழுக்கிப் பாத்திக்குள் இறங்கியது. தண்ணீர் அரை அடிதான். ஆனால் கீழே சேறு. முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. பயத்தில் இழுக்க இழுக்க அடுத்த காலும் வழுக்கியது.

நான் கத்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பெரியம்மா கத்தவில்லை. அதட்டினார். "அசையாத! அப்படியே வரப்பு மேல உக்காரு! உக்காரு!"

குழந்தை உட்கார்ந்தது. பெரியம்மா ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வரப்பின் நடுவில், பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து நடந்து போனார். கிட்டே போய் அவரும் உட்கார்ந்தார். குழந்தையின் அக்குளில் ஒரு கை கொடுத்துக்கொண்டு, மறு கையால் காலைச் சுற்றிச் சேற்றைத் துழாவி இளக்கி, மெதுவாக வெளியே எடுத்தார். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. மொத்தமே ஒரு நிமிஷம் இருக்கும்.

முழங்காலில் ஒரு சிராய்ப்பு, உப்புத் தண்ணீர் பட்டு எரிச்சல். வேறு ஒன்றுமில்லை. நல்ல தண்ணீர் பாட்டில் கொண்டு போயிருந்ததால் கழுவினோம். சின்னவள் அழுது முடித்த பிறகு பெரியம்மா என்னைப் பார்த்தார்.

"போனை உள்ள வை."

வைத்துவிட்டேன். பிள்ளைகள் போன் பார்க்கிறார்கள் என்று கட்டுரை எழுத வந்தவள் நான்!

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார். தண்ணீர் ஓரம் என்றால் ஒரு பெரியவர் கையில் ஒரு பிள்ளை. கையை விட்டால் ஆட்டோவில் ஏறி வீடு. இதற்கு அப்பீல் கிடையாது. பெரியவன் சத்தமில்லாமல் வந்து ஆயாவின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

கழுவெளி: 'அதுங்க ஆயா கூட்டியாந்திருக்கும்!'

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "வந்தது வந்துட்டோம். இதோட போனா பயம்தான் மிஞ்சும்" என்றார் பெரியம்மா. அது சரியான முடிவு என்று இப்போது தோன்றுகிறது.

மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கழுவெளி. கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலக்கும் பெரிய ஈரநிலம். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்ட்டில் திருப்பூர் நஞ்சராயன் சரணாலயத்தோடு சேர்த்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை பறவைகள் வந்துபோகும் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இது ஒரு தங்குமிடம்.

இந்த முறை தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. தார் ரோட்டில் நின்றே பார்த்தோம். பைனாகுலர் ஒன்று கடன் வாங்கி வந்திருந்தேன். கண்ணாடி போட்ட பெரியவனுக்குத்தான் முதல் சான்ஸ்.

மஞ்சள் மூக்கு நாரை நாலைந்து. சிவப்புக் குச்சி மாதிரி காலோடு நெடுங்கால் உள்ளான். நடுவில் இடைவெளி விட்ட அலகோடு நத்தைகுத்தி நாரை. தூரத்தில் கும்பலாக ஊசிவால் வாத்து. தலைக்கு மேலே தட்டான் கூட்டம். அதையும் சும்மா நினைக்காதீர்கள். இந்த மாதங்களில் கூட்டமாக வரும் ஒரு வகைத் தட்டான், காற்றோடு மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

"பூநாரை எங்க அத்தை?" என்றாள் சின்னவள். அழுத முகம் இன்னும் காயவில்லை. யூடியூபில் பார்த்த ரோஸ் கலர் பறவைக்காகத்தான் அவள் வந்ததே. அன்று ஒன்றுகூட இல்லை. முகம் மறுபடியும் கோணியது.

"பொறக்கும்போது அது ரோஸ் கிடையாது தெரியுமா? சாம்பல் கலர்" என்றேன். உப்புத் தண்ணீரில் வளரும் பாசியையும் குட்டி இறாலையும் தின்றுதான் அதற்கு அந்த நிறம் ஏறுகிறது. "அப்போ உப்புதான் கலர் குடுக்குதா?" என்றான் பெரியவன். ஏறக்குறைய அப்படித்தான்! "குளிர் ஏறட்டும், வரும். தை மாசம் வரலாம்" என்று சின்னவளுக்கு வாக்குக் கொடுத்தார் ஆயா.

பெரியவன் வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சைபீரியால இருந்து இவ்ளோ தூரம் எப்டி வழி தெரியும்? கூகுள் மேப்பா இருக்கு அதுக்கு?"

நான் சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் என்று ஆரம்பித்தேன். பெரியம்மா குறுக்கே வந்தார்.

"அதுங்க ஆயா கூட்டியாந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றது. வட அமெரிக்காவின் ஒரு வகைப் பெருங்கொக்குகளை வருஷக்கணக்கில் கண்காணித்து, 2013-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வயதான பறவை ஒன்று கூட்டத்தில் இருந்தால், இளம்பறவைகள் வழி தவறுவது குறைகிறதாம். எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது. உள்ளான்களில் பல வகைகளில் பெற்றோர் முன்னாடியே கிளம்பிவிடும், குஞ்சுகள் பின்னால் தனியாகவே வந்து சேரும். ஆனால் பெருங்கொக்குகளுக்குப் பெரியம்மா சொன்னதுதான் பதில்.

வீட்டில் என்ன சொன்னோம்?

ஒன்பதரைக்குத் திரும்பிவிட்டோம். வழியில் நான் மெதுவாகக் கேட்டேன். "செருப்பு விஷயம் அண்ணிகிட்ட..."

"சொல்லிடணும். புள்ள நாளைக்குத் தானே சொல்லும். அப்புறம் என்னை நம்பி வுட மாட்டா" என்றார் பெரியம்மா.

அவரே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அண்ணி குழந்தையின் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு வேண்டியதுதான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார், "அடுத்த தடவ எனக்கு லீவு இருக்கிற நாளா பாத்துப் போலாம் அத்தை. நானும் வர்றேன்."

அன்று சாயங்காலம் பெரியம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்தபடி அவர் சொன்னதை எல்லா வீடுகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். "ஆசை இருக்குது. ஒடம்புதான் இல்ல. கூட ஒரு ஆளு இருந்தா மாசம் ஒருதரம் போவேன்." வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு 'போன் கொடுக்காதீங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் கூட ஒரு ஆள் யார் என்பதை யாரும் பேசுவதில்லை.

தாத்தா, பாட்டிகளே... பேரப்பிள்ளைகளோடு கிளம்பறீங்களா?

* மழைக்காலத்தில் காலை நேரம் நல்லது. ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

* இரண்டு குழந்தை என்றால் இரண்டு பெரியவர். தண்ணீர், சேறு, வரப்பு இருக்கும் இடத்தில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். அந்த நேரத்தில் போட்டோ, வீடியோ வேண்டாம்.

* மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் 30 எண்ணுவதற்குள் இடித்தால் உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தனி மரத்தடியில், பனை மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

* முழுக்கை சட்டை, பின்பக்கம் வார் வைத்த செருப்பு அல்லது ஷூ, குடிக்கவும் கழுவவும் நல்ல தண்ணீர், மாற்றுத் துணி, உங்கள் மாத்திரை. ஈரப் புல்லில் கால் வைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல் 108-க்கு அழையுங்கள்.

* உப்பளத்தில் வேலை நடக்கும் நாளென்றால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அது அவர்கள் பிழைக்கும் இடம். சரணாலயத்தில் வனத்துறை சொல்லும் இடத்தோடு நில்லுங்கள்.

* தூரம் போக முடியாதவர்கள் வீட்டுப் பின்பக்கமே போதும். உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கிரீன் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தைவானில் கிட்டப்பார்வையைக் குறைக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வைக்கும் திட்டம் 2010 முதல் நடக்கிறது.

மொட்டை மாடியில் ஒரு உப்பளம்

கிளம்பும் முன் பெரியவன் ஒரு எவர்சில்வர் தட்டு கேட்டான். நாலு ஸ்பூன் உப்பைத் தண்ணீரில் கரைத்து, தட்டில் ஊற்றி, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். "ஆயா, இது எங்க உப்பளம்."

மூன்றாம் நாள் எனக்கு வாய்ஸ் மெசேஜ். இந்த முறை பேசியது பெரியவன். "அத்தை, ஓரத்துல வெள்ளையா கட்ட ஆரம்பிச்சுச்சு. ஆயா விரல்ல தொட்டுப் பாத்து நாளைக்கு வுழும்னாங்க. ராத்திரி மழை வந்து மொத்தமும் போச்சு!" குரலில் அழுகை.

பின்னால் பெரியம்மாவின் சிரிப்பு கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"அழாத. உப்பளத்துல ஒரு மழைக்கு ஒரு மாச உப்பு போவும். இன்னா பண்ணுவோம் தெரியுமா? தண்ணிய வடிச்சிட்டு மறுபடியும் மிதிப்போம். தட்டை எடுத்தா."

மெசேஜ் அங்கே முடிந்துவிட்டது. தட்டை எடுத்து வரப் போயிருப்பான்.

உங்கள் வீட்டு ஆயாவோ தாத்தாவோ உங்களை முதன்முதலில் கூட்டிப்போன ஏரி, தோப்பு, கடற்கரை எது? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் சந்திப்போம்!